கடிக்கிற நாய்க்குட்டியைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறீர்களா? 18,000 ரூபாய் போனவள் சொல்கிறேன்

18,000 ரூபாய். ஜிபேயில் ஒரே தவணையில் அனுப்பியது நான்தான். யாரும் மிரட்டி வாங்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

எங்கள் மணி லேப்ரடார், 45 நாள் குட்டியாக வாங்கியது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-லேயே விதி வந்துவிட்டதாம். கூடப் பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டிக்குத் தெரிய வருமாம். வாங்கும்போது யார் சொன்னார்கள்? மூன்றரை மாதத்தில் செருப்பு, நைட்டி ஓரம், மகளின் கை என்று எதையும் விடவில்லை. "திருப்பிக் கொடுத்துடு" என்று அம்மா தினமும் ஒரு பாட்டு.

அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் அந்தப் பயிற்சிக்காரரைப் பார்த்தேன். தங்க வைத்துப் பழக்கும் இடம், ஊருக்கு வெளியே. வீட்டுக்கே வந்தார். மணி அவர் கையைக் கவ்வியது. பிடரியைப் பிடித்துத் தரையில் அழுத்தி, வாயை மூடிப் பிடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, குட்டி அசையாமல் கிடந்தது. "பாத்தீங்களா மேடம், பதினஞ்சு நாள்ல கடி நின்னுடும், எழுதியே தரேன்" என்றார். அடடா, கைராசிக்காரர் என்று நினைத்தேன். அது பயத்தில் விறைத்துப் போயிருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. எழுதித் தரவும் இல்லை, நானும் கேட்கவில்லை. தடுப்பூசி அட்டையைக்கூட அவர் கேட்கவில்லை. பத்து நாய் இருக்கும் இடத்துக்குக் குட்டியைக் கொண்டுபோகிறவர் அதைக் கேட்காதபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பார்க்க வரலாமா என்றால், "ஓனர் வந்தா குட்டி கெட்டுப் போயிடும்." வீடியோ கேட்டால் முதல் நாள் எடுத்ததே திரும்ப வரும்.

பதினாறாம் நாள் மணி வந்தது. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து சங்கிலித் தடம். கையைத் தூக்கினாலே நின்ற இடத்தில் சிறுநீர். கடிப்பது மட்டும் நின்றிருந்தது, நான்கு நாளைக்கு. ஐந்தாம் நாள், தூங்கிக்கொண்டிருந்ததைத் தொட்ட மகளின் கையில் உறுமல்கூட இல்லாமல் ஒரே கவ்வு. ரத்தம். உறுமினால் அடி விழும் என்று பழக்கியிருந்தால் குட்டி ஏன் உறுமப் போகிறது என்றார் கால்நடை மருத்துவர். அவருக்குப் பாதிக் கோபம் என் மேலும்தான். 28 பால் பல்லும் விழுந்து 42 பல் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும், அதுவரை ஈறு அரிப்பில் எதையாவது கடிக்கத்தான் செய்யும், இதற்குப் போய் 18,000 ரூபாயா என்றார்.

பயிற்சிக்காரருக்குப் போன் செய்தேன். முதலில், "நீங்க செல்லம் குடுத்திருப்பீங்க." அடுத்த நாள், "லேப் குட்டி அப்படித்தான் மேடம்." அதற்கு அடுத்த நாள், "அட்வான்ஸ் கோர்ஸ் இருக்கு, பத்தாயிரம்தான்." கழுத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலையிலிருந்து பிளாக். பாதிப் பணமாவது கொடுங்கள் என்று கேட்டதற்குத்தான். மொத்தம் 18,000 ரூபாய்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். இடத்தைப் பார்க்க விடாதவரிடம் குட்டியை விடாதீர்கள். கடித்தால் அடிக்க வேண்டாம், கையை எடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள், விளையாட்டு அங்கேயே முடிந்தது. கடிக்க ஒரு ரப்பர் பொம்மை கொடுங்கள். நன்றாகத் தூங்க விடுங்கள், தூக்கம் கெட்ட குட்டிதான் ரொம்பக் கடிக்கும். பல் பட்டு ரத்தம் வந்தால் குட்டிதானே என்று விடாமல் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். நாங்கள் இரண்டு டோஸ் முடித்திருக்கிறோம்.

மணி கட்டிலுக்கு அடியிலிருந்து வர மாட்டேன் என்கிறது. கழுத்துக்கு மருந்து போட வேண்டும், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.