ஸோட்டேரோ: மூன்று துறை ஆய்வுக்கு ஒரே மேற்கோள் மென்பொருள் போதுமா?

ஸோட்டேரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட இலவச, திறந்த மூல மென்பொருள்; ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துவைத்து மேற்கோள் காட்ட உதவுவது. உலாவியில் கட்டுரை திறந்திருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பு, ஆசிரியர், இதழ், டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) எல்லாம் நூலகத்தில் வந்து உட்காரும். வேர்டில் எழுதும்போது மேற்கோளும் நூற்பட்டியலும் தாமாக அமையும். பொருளியல், நிலநடுக்கப் பொறியியல், கரிம வேதியியல் ஆகிய மூன்றையும் வைத்து இதை எடைபோடக் காரணம் உண்டு. இந்த மூன்று துறைகளும் கட்டுரை வெளியிடும் முறை ஒன்றுக்கொன்று ஒட்டாதது. மென்பொருள் எங்கே இடறும் என்பது இங்கே நன்றாகத் தெரியும்.

பொருளியலில்தான் இது அதிகம் சோபிக்கிறது. அமெரிக்கப் பொருளியல் ஆய்வு நிறுவனமான என்பிஇஆரின் ஆய்வறிக்கைப் பக்கங்களிலிருந்து விவரம் சுத்தமாக வருகிறது. ஆனால் ஒரே ஆய்வு முதலில் முன்வரைவாகவும், சில ஆண்டுகள் கழித்து இதழ்க் கட்டுரையாகவும் வரும். இரண்டுக்கும் டிஓஐ வேறு, ஆண்டு வேறு. அதனால் 'நகல் பதிவுகள்' பட்டியலில் இந்த ஜோடி சிக்காது. கையால் இணைக்கலாம் என்றால், இரண்டு பதிவுகளும் ஒரே வகையாக இருந்தால்தான் முடியும். எங்கள் பரிந்துரை, இணைக்கவே வேண்டாம் என்பதுதான். இரு வடிவங்களுக்கும் இடையே அட்டவணைகளும் மதிப்பீடுகளும் மாறியிருக்கலாம்; எந்த வடிவத்தின் எண்ணை எடுத்தோம் என்பது முக்கியம். இரண்டையும் வைத்துக்கொண்டு 'தொடர்புடையவை' பகுதியில் ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள்.

இன்னொரு தொல்லை ஆசிரியர் பெயரில் வருகிறது. பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ ஒரு பதிவில் முழுப்பெயராகவும் இன்னொன்றில் முதலெழுத்தோடும் இருந்தால், ஏபிஏ எனும் மேற்கோள் நடை இருவர் என்று நினைத்து, வரிக்கு நடுவே முதலெழுத்தைச் சேர்த்துவிடும். பதிவுகளில் பெயரை ஒரே மாதிரி திருத்தி, வேர்டில் புதுப்பித்தால் சரியாகிவிடும். தந்தை பெயரின் தலைப்பெழுத்தைப் பின்னால் போடும் நம் ஊர் ஆசிரியர்களுக்கு அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராகிவிடுகிறது. பெயர்ப் புலத்தின் மெனுவில் முன்பின் பெயர்களை இடம் மாற்றும் வசதி இருக்கிறது. நூற்பட்டியலை அச்செடுக்கும் முன் இதை அவசியம் பாருங்கள்.

நிலநடுக்கப் பொறியியலில் உழைப்பு கூடுகிறது. இத்துறையின் அடிப்படை ஆய்வுகளில் பல, 1956-இல் பெர்க்லியில் தொடங்கிய உலக நிலநடுக்கப் பொறியியல் மாநாட்டுத் தொகுதிகளில் கிடக்கின்றன. ஆறாவது மாநாடு 1977-இல் புது தில்லியில் நடந்தது. கான்பூர் ஐஐடியில் உள்ள தேசிய நிலநடுக்கப் பொறியியல் தகவல் மையம் இவற்றை இணையத்தில் வைத்திருப்பது பெரிய உதவி. ஆனால் பழைய கட்டுரைகளுக்கு டிஓஐ கிடையாது. வெறும் படமாக வருடப்பட்ட பிடிஎஃப்பை ஸோட்டேரோவில் இழுத்துப் போட்டால், படிக்க எழுத்தே இல்லாததால் விவரம் எடுக்க முடியாமல் நிற்கும். ஸோட்டேரோவுக்குள் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) இல்லை. முதலில் வெளியே ஓசிஆர் செய்துகொள்ளுங்கள். பிறகு கோப்பின்மேல் வலது சொடுக்கி, அதற்கான நூல்விவரத்தைத் தாங்கும் தாய்ப் பதிவு உருவாக்கி, வகையை 'மாநாட்டுக் கட்டுரை' என மாற்றி, தொகுதித் தலைப்பு, ஊர், ஆண்டு, தொகுதி எண், பக்கம் ஆகியவற்றைக் கையால் நிரப்புங்கள்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 போன்ற விதித்தொகுப்புகளில் ஆசிரியர் இந்தியத் தர நிர்ணய அமைவனம். பெயர்ப் புலம் இரண்டாகப் பிரிந்திருந்தால் நிறுவனப் பெயரின் கடைசிச் சொல் குடும்பப் பெயராகி, பட்டியல் கோணலாகும். புலத்தை ஒற்றையாக மாற்றிவிட்டு எழுத வேண்டும். பகுதி எண்ணையும் ஆண்டையும் விடவே கூடாது. 2002 பதிப்பும் 2016 பதிப்பும் வேறு வேறு. நீண்ட தொழில்நுட்ப அறிக்கைகளில் இன்னொரு பொறி: உள்ளுரைத் தேடலுக்கு முதல் 100 பக்கங்களைத்தான் ஸோட்டேரோ இயல்பாக அட்டவணைப்படுத்தும். அமைப்புகளில் அந்த எண்ணை உயர்த்தி, அட்டவணையை மறுபடி கட்டமைக்க வேண்டும்.

கரிம வேதியியலர் முதலில் கேட்பது, மூலக்கூறின் அமைப்பை வரைந்து தேடலாமா என்பது. முடியாது. மாற்றுவழியாக, முக்கியச் சேர்மத்தின் 27 எழுத்து இன்சிகீயை (மூலக்கூறின் அமைப்பைக் குறிக்கும் அடையாளக் குறியீடு) குறிச்சொல்லாகச் சேர்த்துவையுங்கள். அதைத் தேடினால் அந்தக் குறிச்சொல் இட்ட கட்டுரைகள் அனைத்தும் கிடைக்கும். செய்முறையும் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) தரவும் இருக்கும் துணைத் தகவல் கோப்பு தானாக இறங்கும் என்று நம்ப வேண்டாம். அதைத் தனியே இறக்கி அதே பதிவில் இணையுங்கள். அங்கேவாண்டே எனும் வேதியியல் இதழின் ஜெர்மன் பதிப்புக்கும் சர்வதேசப் பதிப்புக்கும் டிஓஐ தனித்தனி. எதை எடுத்தோம் என்று பாருங்கள். இதழ்ப் பெயர் புள்ளியோடு சுருக்கமாக வர வேண்டுமானால், வேர்டு ஆவண அமைப்பில் மெட்லைன் (மருத்துவ நூற்பட்டியல் தரவுத்தளம்) சுருக்கத்தை அணைத்துவிட்டு, பதிவில் உள்ள சுருக்கப் புலத்தை நிரப்ப வேண்டும். தலைப்பில் கீழெழுத்தும் சாய்வெழுத்தும் விடுபட்டிருந்தால் எச்டிஎம்எல் குறிகளைக் கையால் இட வேண்டும். மூன்று துறைகளில் கைவேலை அதிகம் கேட்பது கரிம வேதியியல்தான்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு எச்சரிப்பது, இலவச மென்பொருளில் கிடைக்கும் அருமையான வசதி. டிஓஐயோ பப்மெட் (மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம்) எண்ணோ இல்லாத பதிவுக்கு இந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. அதனால் டிஓஐ உள்ள கட்டுரைகளில் அந்தப் புலத்தை வெறுமையாக விடாதீர்கள்.

கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்க 300 எம்பி இலவசம். துணைத் தகவல் கோப்புகள் இதை விரைவில் தின்றுவிடும். 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர். வெப்டாவ் எனும் கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகச் சொந்தச் சேமிப்பிடத்தில் வைக்கலாம். குழு நூலகங்களுக்கு அது செல்லாது. செலவை மிச்சப்படுத்த ஸோட்டேரோவின் தரவுக் கோப்புறையை டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ வைக்காதீர்கள், தரவுத்தளம் சிதையும். இதழுக்கு அனுப்பும்போது மேற்கோள் இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருந்தால், ஆவணத்தின் பிரதியில் மட்டும் செய்யுங்கள். துண்டித்த மேற்கோள்களை ஸோட்டேரோ பிறகு புதுப்பிக்காது.