பிரிபடாத பாகம் 412 சதுர அடி என்றார்கள், பத்திரத்தில் வந்தது 291

சென்னையில் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் அடுக்குமாடியில் வீடு பார்ப்பவர்கள், முக்கியமாக இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள், இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விவகாரம் இப்போது விசாரணையில் இருப்பதால் கட்டுமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

2019 ஆகஸ்டில் வீட்டுக்கு முன்பதிவு செய்தோம். பெரும்பாக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி 1.6 ஏக்கர் நிலம். 14 மாடிகளில் இரண்டு டவர், மொத்தம் 168 வீடுகள். எங்களுடையது ஒன்பதாவது மாடி, 1,240 சதுர அடி, 62 லட்சம். 45 லட்சம் வங்கிக் கடன். அப்பா கோவில்பட்டிப் பக்கம் இருந்த கரிசல் நிலத்தில் ஒரு பகுதியை விற்று 9 லட்சம் கொடுத்தார். மிச்சம் எங்கள் இருவரின் சேமிப்பு.

பணத்தைக் கொடுத்தபோது அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஏம்மா, ஆகாயத்துல வீடு வாங்குறீங்க, சரி. உம் பேர்ல எத்தனை அடி மண்ணு வரும்?" விற்பனைப் பிரிவில் கொடுத்த தாளைப் பார்த்து, "412 சதுர அடிப்பா" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த 412 சதுர அடியைத்தான் பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்பார்கள். பேச்சில் யு.டி.எஸ். மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கு. கட்டடம் பழசாகிக்கொண்டே போகும், மதிப்பில் நிற்பது இந்த நிலம்தான். நாளைக்கு எல்லாரும் சேர்ந்து இடித்துக் கட்டினாலும் உங்களுக்கு எவ்வளவு என்பதை இந்தப் பங்கை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

நாங்கள் விசாரிக்காமல் வாங்கவில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை. அதனால் மண் பரிசோதனை அறிக்கை, பைலிங் (அடித்தளத் தூண்கள்) எவ்வளவு ஆழம் என்றெல்லாம் கேட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று டீக்கடை வரைக்கும் போய்க் கேட்டோம். கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ரெராவின் பதிவு எண்ணும் இருந்தது. கட்டடம் நிற்குமா, தண்ணீர் நிற்குமா என்றெல்லாம் கேட்டவர்கள், பக்கத்தில் இன்னொரு கட்டடம் வருமா என்று மட்டும் கேட்கவில்லை.

விளம்பரப் புத்தகத்தில் இரண்டாவது டவருக்குப் பின்னால் பச்சையாக ஒரு பூங்கா. நடைபாதை, குழந்தைகள் சறுக்குமரம், வேப்பமரம். எங்கள் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். அந்தக் காற்றுக்காகவே சதுர அடிக்கு 150 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள்.

2021 டிசம்பரில் சாவி தருவதாகச் சொன்னார்கள். கொரோனாவால் தள்ளிப்போனது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2022 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்கப் போனோம். பூங்கா வரவேண்டிய இடத்தில் பைலிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு நிலத்தடித் தொட்டி தோண்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். அங்கே இருந்த மேஸ்திரிதான், "மூணாவது டவர் மேடம், எழுபது வீடு" என்றார்.

அலுவலகத்தில் போய்க் கேட்டோம். மேலாளர் சத்தம் போடவில்லை, மழுப்பவும் இல்லை. எங்கள் ஒப்பந்தத்தையே எடுத்து 31-ஆம் பக்கத்தைக் காட்டினார். 'எதிர்காலத்தில் கிடைக்கும் கூடுதல் தளப்பரப்பு முழுவதும் நிறுவனத்துக்கே உரியது. அதற்காகத் திட்டத்தை மாற்ற வாங்குபவர் இப்போதே ஒப்புதல் அளிக்கிறார்' என்ற பொருளில் ஒரு பத்தி. என் பங்கைப் பற்றிய இடத்தில் 412 என்ற எண்ணே இல்லை. 'விகிதாச்சாரப்படியான பாகம்' என்று மட்டும் இருந்தது. 38 பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டவள் நான்.

கூடுதல் தளப்பரப்பு எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கான அளவு எஃப்.எஸ்.ஐ. 2019-இல் வந்த தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயர்மாடிக் கட்டடங்களுக்கு அது 3.25. நிலத்தைப் போல மூன்றேகால் மடங்கு கட்டலாம். அதற்கு மேல் அரசுக்குக் கட்டணம் செலுத்தி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் இன்னும் 50 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 4.87 வரை போகலாம். எங்கள் இரண்டு டவரும் சேர்ந்து சுமார் மூன்று மடங்கைத்தான் தொட்டிருந்தன. மிச்சம் இருந்ததும் பிரீமியமாக வாங்கியதும் சேர்ந்து மூன்றாவது டவராக எழுந்து நிற்கிறது. நிலம் அதே 1.6 ஏக்கர், அதாவது 69,696 சதுர அடி. 168 வீடுகளுக்குப் பிரித்ததை 238 வீடுகளுக்குப் பிரித்தால் 412 என்பது 291 ஆகிவிடும். 121 சதுர அடி. அப்பா விற்ற மண்ணில் இத்தனை பங்கு போய்விட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இவ்வளவுக்கும் வழி கொடுத்தது நாங்கள் செய்த ஒரு தவறு. "நிலப் பங்கை இப்பவே பதிவு பண்ணி எதுக்கு மேடம் செலவு, சாவி வாங்கும்போது சேர்த்துப் பண்ணிக்கலாம்" என்று விற்பனைப் பையன் அக்கறையாகச் சொன்னான். நாங்கள், நிறுவனம், வங்கி மூவரும் போட்ட முத்தரப்பு ஒப்பந்தத்தின் பேரில் வங்கியும் கடன் கொடுத்துவிட்டது. நாங்களும் சரி என்றோம். ஐந்தாவது மாடியில் தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் பிடிவாதமாக முதல் தவணையோடு தன் பங்கைப் பதிவு செய்துகொண்டார். அவர் பத்திரத்தில் 409 சதுர அடி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதில் யாராலும் கை வைக்க முடியவில்லை.

2023 செப்டம்பரில் பதிவுக்கு வந்த வரைவுப் பத்திரத்தில் 291 என்று அச்சாகியிருந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் வட்டியில்லாமல் பணத்தைத் திருப்பித் தருவோம் என்றார்கள். நான்கு வருடத்தில் சுற்றுவட்டாரத்தில் விலை எங்கேயோ போய்விட்டது. ஒரு பக்கம் மேடவாக்கத்தில் வாடகை, இன்னொரு பக்கம் வங்கித் தவணை. ஆட்சேபணையை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். இன்று எங்கள் வழக்கறிஞர் பெரிதாக நம்பியிருப்பது அந்தக் கடிதத்தைத்தான்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, அனுமதி பெற்ற திட்டத்தையும் பொது இடங்களையும் மாற்ற வேண்டுமானால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குள் ஒளித்துவைத்த பொத்தாம்பொதுவான வரி அந்தச் சம்மதம் ஆகாது என்பது எங்கள் வாதம். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது 12-ஆவது பிரிவு. அதற்கு அந்தப் பச்சைப் பூங்காப் படம்தான் சாட்சி. நல்லவேளை, விளம்பரப் புத்தகத்தை நான் தூக்கிப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள்.

இப்போது அங்கே குடியிருக்கும் நிலையையும் சொல்கிறேன். குடிநீர் வாரியக் குழாய் எங்கள் வாசலுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு ஆழ்துளைக் கிணறுகளிலும் உப்பு. ஆளுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 168 வீடுகளுக்கு ஒரு நாளைக்கு 90,000 லிட்டருக்கு மேல் ஆகும். 12,000 லிட்டர் லாரி ஏழெட்டு வர வேண்டும். மூன்றாவது டவரும் நிரம்பினால் பதினொன்று. ஏரிகள் காய்ந்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019 கோடையை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இரண்டு டவருக்குக் கட்டியதுதான். சாயங்காலமானால் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை.

உயரமாகக் கட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்திலேயே இதில் சண்டை உண்டு. ஊர் பக்கவாட்டில் பரவினால் மிச்சமிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் ஏரிகளையும்தான் தின்னும். வேலைக்கு வருகிற இவ்வளவு பேரும் எங்கேதான் இருப்பார்கள்? நெருக்கமாக வாழத்தான் வேண்டும். ஆனால் அரசு சாலை அகலத்தை மட்டும் அளந்து பார்த்துக் கூடுதல் மாடிக்கான அனுமதியை விற்கிறது. அந்தச் சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் இருக்கிறதா என்று பார்த்த பிறகல்லவா விற்க வேண்டும்? ஏற்கெனவே வாங்கியவரின் பங்கிலிருந்து எடுத்து அடுத்தவருக்கு வீடு கட்டுவதை நகர வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியாது.

கையெழுத்துக்கு முன் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் அனுமதி வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நாங்கள் பிறகுதான் பார்த்தோம். பூங்கா என்று காட்டிய இடத்தில் 'எதிர்கால மேம்பாடு' என்று சின்ன எழுத்தில் இருந்தது. நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும், அது குறையாது என்ற வரியும் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. கேட்டாலும் கொடுக்காதீர்கள். 'கூடுதல் தளப்பரப்பு', 'எதிர்கால' என்று ஆரம்பிக்கும் பத்திகளைத் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர்களே ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞரிடம் காட்டாதீர்கள்.

போன பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். சமையலறை ஜன்னல் வழியே மூன்றாவது டவரைப் பார்த்துவிட்டு, "இதும் நம்ம மண்ணுலதான் நிக்குதாம்மா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். அடுத்த விசாரணைக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.