லெய்ட்லாவா, ரீபஸா, ஃபின்னா: ஸ்காட்லாந்து இன்ஸ்பெக்டர்களில் யாரை முதலில் படிப்பது?

குடி, ஆட்டங்கண்ட மணவாழ்க்கை, மேலதிகாரியோடு மல்லுக்கட்டு. ஸ்காட்லாந்து துப்பறியும் நாவலின் இன்ஸ்பெக்டர் என்றாலே இவற்றில் குறைந்தது இரண்டு தேறும். எந்த இன்ஸ்பெக்டரை எந்தப் புத்தகத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பது என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது இயன் ரேங்கினின் ரீபஸ் வரிசை. முதல் புத்தகம் 1987இல் வந்த 'நாட்ஸ் அண்ட் கிராசஸ்'. அதிலிருந்து தொடங்க வேண்டாம். அதில் ரீபஸ் இன்ஸ்பெக்டரே இல்லை, சார்ஜென்ட். எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் ராணுவச் சிறப்புப் படையின் பயிற்சியில் மனம் உடைந்த கதை, மகளுக்கு வரும் ஆபத்து என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன நாவலுக்குள் ரேங்கின் திணித்திருப்பார். எட்டாவது நாவலான 'பிளாக் அண்ட் ப்ளூ' (1997) சரியான வாசல். 1968, 69இல் கிளாஸ்கோவில் மூன்று பெண்களைக் கொன்றதாகக் கருதப்படும், இன்றுவரை பிடிபடாத 'பைபிள் ஜான்' என்ற நிஜ ஆளை எடுத்துக்கொண்டு, அவன் பாணியைப் பின்பற்றிக் கொலை செய்யும் இன்னொருவனைக் கற்பனையில் சேர்த்திருக்கிறார். ரீபஸின் ஊரான எடின்பரோவை விட்டு அபர்டீன், வடகடல் எண்ணெய் மேடை, ஷெட்லாந்து என்று கதை நகரும். குற்றப் புனைவுக்கான கோல்ட் டாகர் விருதும் அந்த ஆண்டு இதற்குத்தான்.

அதன்பிறகு வரிசை மாறாமல் படிப்பது நல்லது. ரீபஸுக்கு நம்மைப் போலவே வயது ஏறும். 2007இல் வந்த 'எக்ஸிட் மியூசிக்'கில் 60 வயதாகிப் பணி ஓய்வு பெறுகிறார். பிந்தைய நாவல்களில் நுரையீரல் நோயால் மாடிப்படி ஏறவே திணறுகிறார். நடுவில் ஒன்றை எடுத்தால் சிவோன் கிளார்க் யார், காஃபர்டி என்ற தாதாவோடு ரீபஸுக்கு ஏன் இந்த விநோத நெருக்கம் என்பதெல்லாம் பிடிபடாது.

வில்லியம் மெக்கில்வானியின் 'லெய்ட்லா' (1977) வேறு ரகம். கொன்றவன் தெருவில் ஓடுவதில்தான் நாவலே தொடங்கும்; ஆள் யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அவனை முதலில் எட்டப்போவது போலீஸா, இறந்த பெண்ணின் அப்பாவா, ரவுடிக் கும்பலா என்பதே கேள்வி. மற்ற இன்ஸ்பெக்டர்கள் பாட்டிலை ஒளித்துவைக்கும் மேசை இழுப்பறையில் லெய்ட்லா கீர்கேகார்ட், காம்யு, உனமுனோ என்று தத்துவவாதிகளின் புத்தகங்களைப் பூட்டி வைத்திருப்பார். கொலைகாரனை அரக்கன் என்று ஒதுக்க அவர் தயாரில்லை. சக அதிகாரி மில்லிகனோடு முட்டிக்கொள்வதும் அதனால்தான். வாக்கியத்துக்காகப் படிப்பவர்களுக்கு மூவரில் இவரே முதல், என் கட்சியும் அதுதான்.

இடறுவது கிளாஸ்கோ பேச்சு. போலீஸுக்கு 'போலிஸ்', குழந்தைக்கு 'வேன்', பெண்களை அழைக்க 'ஹென்' என்று உரையாடல் முழுக்க உள்ளூர் வழக்கு. முதல் ஐம்பது பக்கங்களை வாய்விட்டுப் படித்தால் காது பழகிவிடும். லெய்ட்லா வரிசையில் மூன்றாவதான 'ஸ்ட்ரேஞ்ச் லாயல்டீஸ்' (1991) லெய்ட்லாவே சொல்வதாக வருகிறது, அதைக் கடைசிக்கு வையுங்கள். மெக்கில்வானி 2015இல் இறந்தபின் அவர் விட்டுப்போன கையெழுத்துப் படியை ரேங்கின் முடித்துக்கொடுத்த 'தி டார்க் ரிமெய்ன்ஸ்' (2021) காலவரிசையில் முந்தையது. அதற்காக அதை முதலில் எடுக்காதீர்கள்.

இங்கிலாந்துக் கதைகளில் ஊறியவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்காட்லாந்து குற்றவியல் சட்டத்தில் ஒற்றைச் சாட்சியம் மட்டும் போதாது. முக்கியமான ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். அதிகாரிகள் விசாரணைக்கு ஜோடியாகவே போவது அதனால்தான். தனியாகக் கிளம்பும் ரீபஸ் வழக்கையே கெடுக்கலாம் என்ற பதற்றம் அப்போதுதான் உறைக்கும். சந்தேக மரணத்தை விசாரிக்கும் பொறுப்பும் இங்கிலாந்தைப் போல கரோனர் என்ற மரண விசாரணை அதிகாரியிடம் இல்லை, புரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞரிடம்.

ஒரே ஒரு புத்தகம் போதும் என்பவருக்குப் பீட்டர் மேயின் 'தி பிளாக்ஹவுஸ்'. 2009இல் பிரெஞ்சில்தான் முதலில் வெளியானது, ஆங்கிலத்தில் 2011. எடின்பரோ இன்ஸ்பெக்டர் ஃபின் மெக்லியோட், மகனை இழந்த சில வாரங்களில், பிறந்த மண்ணான, ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவுக்கு ஒரு கொலை வழக்குக்காக அனுப்பப்படுகிறார். அந்தத் தீவின் நெஸ் பகுதி ஆண்கள் ஆண்டுதோறும் நடுக்கடல் பாறைக்குப் போய் கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடித்து உப்பிட்டு வரும் 'கூகா' வேட்டை நிஜத்திலும் உண்டு. நாவல் வந்த காலத்தில் உரிமம் 2,000 பறவைகளுக்கு இருந்தது. நாவலின் முடிச்சு அந்தப் பாறையில்தான் இருக்கிறது. போலீஸ் நடைமுறை மட்டும் இதில் மெலிவு. இரண்டாம் பாகத்தில் ஃபின் வேலையையே விட்டுவிடுகிறார், ஆகவே இன்ஸ்பெக்டர் கதைதான் வேண்டும் என்பவர் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.