வலது எஞ்சினுக்கு விலை இல்லையாம்: என் ட்வின் கமான்சியை விற்கப் போனபோது

என் பைப்பர் ட்வின் கமான்சி என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தை விற்கப் போகிறேன் என்று தெரிந்ததும் நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டார். நீங்கள் சொல்கிற விலை எப்படி வந்தது? அதை நான் வாங்கினால் பிழைப்பேனா? இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். விலையை இன்னும் இறக்குங்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போன சூட்டில் எழுதுகிறேன். அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

பிஏ-30இன் (ட்வின் கமான்சியின் மாடல் எண் அது) அடிப்படை விவரங்களை நான் அளக்கப் போவதில்லை. பல வருடம் வைத்திருந்த பிறகும் எனக்கு அலுக்காத விஷயம் அதன் சிக்கனம். 160 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு, சுமார் 160 நாட் (மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய) வேகம், அதற்கு இரண்டும் சேர்ந்து மணிக்குக் குடிப்பது 60, 65 லிட்டர்தான். அஸ்டெக், செஸ்னா 310 மாதிரியான பெரிய ட்வின்கள் 100 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். ஒற்றை எஞ்சின் கமான்சியின் உடம்பில் இரண்டு சின்ன எஞ்சின்களைப் பொருத்தலாம் என்ற யோசனையைச் செய்து காட்டியவர் எட் ஸ்வேரிங்கன். அந்த மனிதருக்கு ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். 1972இல் அக்னஸ் புயல் வெள்ளம் பைப்பரின் லாக் ஹேவன் தொழிற்சாலைக்குள் புகுந்ததோடு இந்த மாடலின் கதை முடிந்தது. முடியாமல் இருந்திருக்கலாம்.

தரையிறக்குவது மட்டும் தனி வித்தை. இறக்கை சறுக்கிக்கொண்டே போகும், கீழே உட்கார மனசே வராது. வேகம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் ஓடுபாதையில் பாதி மிதப்பதிலேயே போய்விடும். பழகிவிடும். பழகியும் சில நாள் மானத்தை வாங்கும். சரி, அதை விடுவோம்.

என் எரிச்சலுக்குக் காரணம் எஞ்சின் மணி நேரம்.

விளம்பரம் கொடுத்த நாளிலிருந்து வந்த அழைப்புகளில் முதல் கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றே: "ஓவர்ஹாலுக்குப் பிறகு எத்தனை மணி நேரம்?" எஞ்சினை முழுசாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி மறுபடி கோர்ப்பதுதான் ஓவர்ஹால். இடது எஞ்சின் 200, வலது 1,700 என்று சொல்வேன். 1,700 என்ற எண் காதில் விழுந்ததுமே எதிர்முனையில் குரல் மாறிவிடும். அதற்கப்புறம் நான் பேசுவது எதுவும் கணக்கில் சேராது. மாடு வாங்குகிறவர்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். இங்கே மீட்டரைக் கேட்டதோடு பரிசோதனை முடிந்தது.

இந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிற ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது. சொந்த உபயோகத்துக்குப் பறக்கிறவர்களுக்குப் பல நாடுகளில் இது வெறும் பரிந்துரை, சட்டக் கட்டாயம் இல்லை. 2,000ஐத் தாண்டி ஆரோக்கியமாக ஓடும் எஞ்சின்களும் உண்டு, ஆயிரத்துக்கு முன்பே மண்டையைப் போடுவதும் உண்டு. ஆனால் சந்தையைப் பொறுத்தவரை 2,000 என்பது எமன் குறித்த தேதி.

இனி விலைக் கணக்கு. ப்ளூபுக், வி-ரெஃப் போன்ற விலைக் கையேடுகள் ஒரு அடிப்படை விலையைச் சொல்லும். அது இரண்டு எஞ்சினும் பாதி ஆயுளில் இருப்பதாக வைத்துக்கொண்ட விலை. நம் விஷயத்தில் ஆளுக்கு 1,000 மணி நேரம். அதைவிட அதிகம் ஓடியிருந்தால் மணிக்கு இவ்வளவு என்று கழிக்க வேண்டும், குறைவாக ஓடியிருந்தால் கூட்ட வேண்டும். என் வலது எஞ்சினுக்கு 700 மணி நேரம் கழியும். இடதுக்கு 800 மணி நேரம் கூடும். ஆகக் கூடி 100 மணி நேரம் எனக்குச் சாதகம். கையேட்டுக் கணக்கின்படி நான் அடிப்படை விலைக்கு ஒரு பொட்டு மேலே இருக்க வேண்டும்.

வருகிறவர்கள் போடுகிற கணக்கு வேறு. "வலது எஞ்சினை எப்படியும் ஓவர்ஹால் செய்யணும். அந்தச் செலவை முழுசாகக் கழிச்சிடுங்க." இதில் உள்ள தந்திரத்தை நண்பர் கவனிக்க வேண்டும். அடிப்படை விலையிலேயே பாதி தேய்ந்த எஞ்சினுக்கான கழிவு சேர்ந்துதான் இருக்கிறது. அதற்குமேல் 700 மணி நேரம் என்றால் ஓவர்ஹால் செலவில் 35 சதவீதம். இவர்கள் கேட்பது 100 சதவீதம். அந்தப் பணத்தில் எஞ்சினைப் புதுப்பித்துக்கொண்டால் அவர்கள் கையில் இருக்கப்போவது மணி நேரம் பூஜ்யம் காட்டும் எஞ்சின். அதாவது கையேட்டு விலை எதிர்பார்த்ததைவிட 1,000 மணி நேரம் நல்ல எஞ்சின், என் செலவில். இடது பக்கத்துக்கு ஏதாவது கூட்டுவீர்களா என்று கேட்டால், "அது நல்லா இருக்கணும்தானே, அதுக்குத்தானே இந்த விலை" என்கிறார்கள். கழிக்கும்போது கணிதம், கூட்டும்போது தத்துவம்.

நியாயமாகப் பார்த்தால் 35 சதவீதம் மட்டும் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஓவர்ஹாலுக்குக் கொடுத்தால் விமானம் மாதக்கணக்கில் தரையில் கிடக்கும். திறந்து பார்த்து கிராங்க்கேஸில் (எஞ்சினின் வெளிக்கூட்டில்) விரிசல் என்றால் மதிப்பீட்டு விலை காற்றில் போகும். அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு. பாதிச் செலவைக் கழிக்கிறேன் என்று ஒருவர் வந்தால் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவேன். இதுவரை அப்படி ஒருவரும் வரவில்லை.

எனக்கு இதில் கூடுதலாகக் கோபம் வருவதற்குக் காரணம், இரண்டில் நான் நம்புகிற எஞ்சின் வலதுதான் என்பது.

இடது எஞ்சின் புதிதான கதை இது. ஓடுபாதைக்குப் போகும் ஒரு டாக்ஸிவேயில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, ஓடிக்கொண்டிருந்த இடது ப்ரொப்பெல்லரின் நுனி தரையைத் தொட்டுவிட்டது. அப்படித் தொட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பிரித்துப் பரிசோதிக்கும் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. தேய்ந்த பாகங்களை மாற்றுவது நம் பாடு. 1,500 மணி நேரம் ஓடிய எஞ்சினை ஏற்கனவே பிரித்துப் போட்டாகிவிட்டது, அப்படியே மூடவா முடியும்? முழு ஓவர்ஹால் செய்தேன். வந்து சேர்ந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் ரிங் சரியாக உட்காரவில்லை. எண்ணெய் குடித்தது. கழற்றி சிலிண்டரின் உள்சுவரை மறுபடி ஹோன் செய்தார்கள் (தேய்த்துச் சீராக்கினார்கள்). அப்புறம் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு மேக்னெட்டோ போனது. வேலை செய்த பட்டறை ஒவ்வொன்றுக்கும் "செட்டில் ஆகிவிடும்" என்றது. இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஓவர்ஹால் முடிந்த முதல் சில நூறு மணி நேரம் எந்த எஞ்சினுக்கும் கண்டமான காலம் என்பது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் தெரியும். கோர்த்ததில் ஏதாவது பிசகு இருந்தால் அப்போதுதான் தலைகாட்டும். சந்தை அதிகம் மதிக்கிற 200 மணி நேரம் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறது.

வலது எஞ்சின் இது எதையும் பார்த்ததில்லை. கம்ப்ரஷன் சோதனையில் நாலு சிலிண்டரும் 80 அளவு காற்றழுத்தம் கொடுத்தால் 74க்குக் கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் வடிகட்டியை வெட்டிப் பார்த்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி வந்த அறிக்கைகள் கோப்பில் வரிசையாக இருக்கின்றன. எக்ஸாஸ்ட் வால்வுகளின் போர்ஸ்கோப் (எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) படங்களும் இருக்கின்றன. பார்க்க வந்தவர்களில் அந்தக் கோப்பைத் திறந்தவர் ஒருவர்; அவரும் லாக்புக்கில் மணி நேரக் கூட்டல் சரியா என்று பார்க்கத்தான் திறந்தார்.

இந்த நேரத்தில் என் கண்ணில் பட்ட இன்னொரு விளம்பரத்தைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. இதே மாடல். இரண்டு எஞ்சினும் 300 மணி நேரம்தான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் விலையைவிடக் கணிசமாக அதிகம். விவரத்துக்குள் போனால், ஓவர்ஹால் நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசிச் சில வருடங்கள் பறக்கவே இல்லை, ஹேங்கரில் "பத்திரமாக" இருந்ததாம். இந்த விமானத்தில் உள்ள லைகாமிங் எஞ்சினில், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம்ஷாஃப்ட் இருப்பது ப்ரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே. எஞ்சின் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். கேமும் அதைத் தொட்டிருக்கும் டாப்பெட்டும் ஈரக்காற்றில் காய்ந்து துருப்பிடிக்கும். துரு விழுந்த முகத்தோடு எஞ்சினை ஓட்டினால் கேம் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு அந்தப் பொடியை எஞ்சின் முழுக்க அனுப்பும். வாரத்துக்கொரு தடவையாவது வானத்தில் சூடேறிய என் 1,700 மணி நேர எஞ்சினுக்கு விலை இல்லை. தூங்கி வழிந்த 300க்குக் கிராக்கி. கையேட்டில் அதற்குக் கழிவுக் கட்டம் இல்லை என்பதால் யாருக்கும் அது தெரிவதில்லை. ஓவர்ஹால் நடந்த வருடத்தை முதலில் கேளுங்கள், கடைசி ஐந்து வருடம் வருடத்துக்கு எவ்வளவு பறந்தது என்று அடுத்துக் கேளுங்கள். மணி நேரத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியோ, ஜிபிஎஸ், ஆட்டோபைலட் என்று நீங்கள் போடுகிற பணத்தில் விற்கும்போது பாதி திரும்பினால் அதிர்ஷ்டம். புது பெயிண்ட் ஆளை வரவழைக்கும், விலையை ஏற்றாது. ஒரு லாக்புக் தொலைந்திருந்தால் பெரிய அடி விழும். அது நியாயமான அடிதான். லேண்டிங் கியரில் உள்ள பஞ்சி கயிறுகளை (சக்கரம் இறங்க உதவும் ரப்பர் கயிறுகள்) 500 மணி நேரம் அல்லது 3 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லும் உத்தரவு கமான்சி குடும்பத்துக்கே உண்டு. கயிறு சின்னது, ஆனால் மறந்திருந்தால் வாங்குபவரின் மெக்கானிக் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். மூக்கில் இருக்கும் ஹீட்டர் பெட்ரோலை எரித்துச் சூடு தருவது. அதன் அழுத்தச் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். இதன் பிந்தைய மாடலான பிஏ-39 என்றால் இரண்டு ப்ரொப்பெல்லரும் எதிரெதிர்த் திசையில் சுற்றும், கிரிட்டிக்கல் எஞ்சின் (நின்றால் மற்றதைவிட அதிகம் படுத்துகிற எஞ்சின்) தொல்லை இல்லை, அதற்குத் தனி விலை கேட்பார்கள். கொடுக்கலாம்.

இரண்டு எஞ்சின் இருந்தால் பத்திரம் என்று நினைத்து நண்பர் வாங்க நினைக்கிறார் என்றால் அதையும் பேச வேண்டும். ஒரு எஞ்சின் நின்ற நிலையில் இந்த விமானம் கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 260 அடி ஏறும் என்கிறது புத்தகம். அது புது விமானம், தேர்ந்த கை, காற்றை எதிர்க்காதபடி சரியாக இறகு திருப்பிய ப்ரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்தபோது கிடைத்த எண். ஆரம்ப வருடங்களில் பயிற்சியின்போது ஒரு எஞ்சினைக் குறைத்துவிட்டு மெதுவாகப் பறந்து சுழலில் மாட்டியவர்கள் பலர். அதற்குப் பிறகுதான் ஒற்றை எஞ்சினில் கட்டுப்பாடு தவறாத குறைந்தபட்ச வேகத்தை மணிக்கு 80 மைலிலிருந்து 90 ஆக உயர்த்தினார்கள். வருடாவருடம் பயிற்சியாளரோடு உட்கார மாட்டேன் என்கிறவருக்கு இரண்டாவது எஞ்சின் இரட்டைச் செலவு மட்டுமே. காப்பீட்டுக்காரரும் இந்த மாடலில் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தொகையைச் சொல்வார்.

ஆக, பறப்பதற்கு இதைப்போல எனக்கு இன்னொன்று அமையாது. பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். ஒன்றைத் தரையிறக்கத்துக்காகப் பிடித்து வைக்கிறேன். நண்பரை வாங்கச் சொல்வேனா என்றால், வேண்டாம். ஒற்றை எஞ்சின் கமான்சியே அவருக்குப் போதும். நாளைக்கு அவர் விற்கப் போகும்போது ஒரு எஞ்சினைப் பற்றி மட்டும் அவமானப்படலாம்.

தரகருக்கு என் பதில்: விலை இறங்காது. பாதி ஓவர்ஹால் கழிவுக்கு யாராவது வந்தால் அழைத்து வாருங்கள், கோப்பை அவர் முன்னால் வைத்து இரண்டு எஞ்சினிலும் போர்ஸ்கோப் விட்டுக் காட்டுகிறேன். வராவிட்டால் வழக்கம்போல வாராவாரம் பறப்பேன். அதற்குள் வலது எஞ்சின் 2,000ஐத் தாண்டினால் தாண்டட்டும். எண்ணெய் அறிக்கை சுத்தமாக வருகிறவரை அதை நான் திறக்கப் போவதில்லை.