தாழிக்கு எந்த லேபிள்? பதிவேடு, பார்கோடு, கியூஆர், ஆர்எஃப்ஐடி

தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருட்களின் பட்டியல் 1915-இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து புத்தகமாக வந்தது. நூறு வருஷம் தாண்டியும் அதிலுள்ள எண்களை யாரும் படிக்கலாம். கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். அருங்காட்சியகப் பொருட்களைச் சேர்த்து வைக்கும் வைப்பறைக்குப் பார்கோடு போடலாமா, கியூஆர் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் புதிய முறையை முதலில் இந்தப் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

நெல்லைச் சீமையில் இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை, துலுக்கர்பட்டி என்று அகழாய்வுகள் வரிசையாக நடந்ததில் பானை ஓட்டுப் பெட்டிகள் பெருகிவிட்டன. ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. எந்த அருங்காட்சியகத்திலும் கண்ணாடிப் பேழைக்குள் ஏறுவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உள்ளே அலமாரியில் கிடக்கும், தொல்லை அங்கேதான்.

கையால் எழுதும் பதிவெண்ணை எடுத்துக்கொள்வோம். ஓட்டின் மேல் பாரலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசின் கரைசலை மெல்லிய பூச்சாகப் பூசி, அது காய்ந்ததும் மையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். பொருளோடு ஒட்டியே இருக்கும் அடையாளம் இது ஒன்றுதான். பெட்டி மாறினாலும், லேபிள் உதிர்ந்தாலும் ஓடு தன் எண்ணைச் சொல்லும். குறை என்னவென்றால், பொருள் வந்த அன்று எங்கே வைத்தார்கள் என்று பதிவேடு சொல்லும். இன்று எங்கே இருக்கிறது என்று சொல்லாது. "சார், அந்தப் பெட்டி போன மாசமே மாடிக்குப் போயிட்டு" என்று ஊழியர் ஒருவர் நினைவிலிருந்து சொன்னால்தான் உண்டு. அவர் ஓய்வு பெற்றுவிட்டால்? அதோடு, ஆண்டுச் சரிபார்ப்புக்கு ஒருவர் வாசிக்க, இன்னொருவர் டிக் அடிக்க வேண்டும். 1-ஐ 7 என்றும் 3-ஐ 8 என்றும் படிப்பது அதில் சகஜம்.

கோடு போட்ட பார்கோடு இந்தத் தவறைத் துப்புரவாக நீக்கும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் கடைக்குள் நுழைந்த நுட்பம் இது. விலை இறங்கி எவ்வளவோ காலமாகிறது. யூஎஸ்பி ஸ்கேனரைச் செருகினால் கீபோர்டில் தட்டிய மாதிரி எண் நேராக எக்செல் கட்டத்தில் போய் விழும், தனி மென்பொருள் வேண்டாம். சின்னக் கல்லூரிச் சேகரிப்புக்கு இது பெரிய வசதி. இடம் அடைப்பதுதான் சங்கடம். எட்டு எழுத்துள்ள எண்ணை கோட்-128 என்ற பார்கோடு முறையில் அச்சிட்டால், இருபுறமும் விடவேண்டிய வெற்றிடத்தையும் சேர்த்து 143 அலகு வரும். அலகு என்பது மிக மெல்லிய ஒரு கோட்டின் அகலம். ஓர் அலகு கால் மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 36 மில்லிமீட்டர் நீளம். பெட்டிக்குச் சரி, அலமாரித் தட்டின் விளிம்புக்கு இன்னும் சரி. கொற்கைச் சங்குத் துண்டு வைத்த சின்ன உறைக்குச் சரிப்படாது.

அங்கேதான் கியூஆர் ஜெயிக்கிறது. அதே எட்டு எழுத்து, மிகச் சிறிய கியூஆரில் 21-க்கு 21 கட்டத்துக்குள் அடங்கிவிடும். கட்டம் அரை மில்லிமீட்டர் என்றாலும் ஓரத்தையும் சேர்த்து 15 மில்லிமீட்டர் சதுரம் போதும். உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படித்துவிடும். புழுதியும் கீறலும் சகஜமான வைப்பறையில் இது சாதாரண விஷயம் இல்லை. ஊழியர் கையிலிருக்கும் செல்போனே ஸ்கேனர். இன்னும் குட்டி வேண்டுமென்றால் கியூஆர் மாதிரியே கட்டம் போட்ட டேட்டா மேட்ரிக்ஸ் இருக்கிறது. ஆனால் எல்லா போன் கேமராவும் அதை நேரடியாகப் படிப்பதில்லை.

கியூஆர் போடுகிறவர்கள் அதற்குள் இணைய முகவரியைத் திணிக்க ஆசைப்படுவார்கள். பார்வையாளர் பலகைக்கு அது சரி. வைப்பறை லேபிளில் வேண்டவே வேண்டாம். தளம் மாறிய நாளில் அத்தனை லேபிளும் வீண். பதிவெண் மட்டும் உள்ளே இருக்கட்டும். அதே எண் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்திலும் இருக்கட்டும்.

ரேடியோ அலையால் படிக்கும் சில்லான ஆர்எஃப்ஐடி பேச்சில் அழகாக இருக்கும். பெட்டியைத் திறக்காமல், கருவியைக் கையில் பிடித்து நடந்தாலே மொத்த வரிசையும் எண்ணப்பட்டுவிடும் என்பார்கள். துணி, மரம், ஓலைச்சுவடி என்றால் ஓரளவு நடக்கும். ஆதிச்சநல்லூர் என்றாலே இரும்பும் வெண்கலமும் அல்லவா? உலோகம் ரேடியோ அலையைத் திருப்பியடிக்கும். உலோகத்துக்கென்றே செய்த சில்லுகள் தடிமனானவை, விலையும் கூடுதல். இரும்பு அலமாரியாகவும் இருந்துவிட்டால் சில பெட்டிகள் விட்டுப்போகும், பக்கத்துத் தட்டுப் பெட்டியும் கணக்கில் ஏறும். எந்தத் தட்டு என்று தெரியத்தானே இவ்வளவு பாடும்? திருட்டைத் தடுக்க வாசலில் வைப்பதானால் யோசிக்கலாம். இருப்புக் கணக்குக்கு நம் சேகரிப்புகளுக்கு இது தேவையில்லை என்பதே என் கட்சி.

எந்தக் கோடு என்பதைவிட எதில் அச்சிடுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மை இல்லாமல் சூட்டாலேயே அச்சாகும் மலிவான நேரடித் தெர்மல் லேபிள், நம் ஊர் வெயிலுக்குச் சட்டைப் பையில் கிடந்த பஸ் டிக்கெட் மாதிரி வெளுத்துப்போகும். பாலியெஸ்டர் லேபிளில் ரெசின் மை ரிப்பன் வைத்து அச்சிடுவது நல்லது. அமிலமற்ற அட்டையில் லேசர் அச்சும் போதும். எதுவானாலும் பசை பொருளைத் தொடக்கூடாது. தாழி என்றால் பருத்தி நாடாவில் கட்டிய அட்டை. சுவடி என்றால் சுற்றிய துணியின் மேல் அட்டை, ஏட்டின் மேல் எதுவும் கூடாது.

என் தேர்வு கலப்புதான். பொருளில் கையெழுத்துப் பதிவெண், உறைக்கும் பெட்டிக்கும் கியூஆர், தட்டுக்கும் கியூஆர். பெட்டியை நகர்த்தினால் முதலில் பெட்டியை ஸ்கேன் செய்து, அடுத்துப் புதிய தட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த இரண்டு ஸ்கேனுக்கும் ஆள் சோம்பல்படுவார் என்றால் கியூஆருக்குச் செலவழிக்காமல் நல்ல பதிவேடு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஸ்கேனர் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதை வீசவேண்டியதில்லை. அது கோடு போட்ட பார்கோடு மட்டும் படிக்கும் வகை என்றால் பெட்டிக்கும் தட்டுக்கும் கோட்-128, உறைக்கு மட்டும் கியூஆர்.

முழு வைப்பறையையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டாம். இரும்புப் பொருட்களின் பெட்டிகளில் ஆரம்பியுங்கள். துருப்பிடிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் மாற்றவேண்டி அடிக்கடி எடுத்துவைக்கப்படுபவை அவை. முறையில் எங்கே ஓட்டை என்று சில மாதத்திலேயே தெரிந்துவிடும். பானை ஓடுகள் அதுவரை காத்திருக்கும்.