நரேகா இணையதளம்: முகப்பு எண்ணை விடுங்கள், மஸ்டர் ரோலைத் திறங்கள்

நரேகா என்னும் நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில், ஒரு பெண் எந்தெந்த நாள் மண் வெட்டினார், எந்தத் தேதியில் எவ்வளவு கூலி அவர் கணக்கில் ஏறியது என்பதைப் பெயரோடு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடவுச்சொல் வேண்டாம், மனு வேண்டாம், ஒன்றிய அலுவலகத்தில் காத்துக் கிடக்க வேண்டாம். அரசு கொடுக்கும் கூலியை இவ்வளவு திறந்து வைத்திருக்கும் தளம் இந்தியாவில் அரிது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

அதே தளம் முகப்பில் காட்டும் மாநில, மாவட்டத் தொகுப்பு எண்கள் வேறு கதை. எண் தப்பில்லை, ஆனால் அதன் தலைப்பைச் சரியாகப் படிக்காவிட்டால் நேர் எதிரான முடிவுக்குப் போய்விடுவோம். செய்திகளில் வரும் புள்ளிவிவரங்களில் பல இந்தத் தொகுப்பிலிருந்து அப்படியே எடுத்தவை. அதனால்தான் சொல்கிறோம்: ஒவ்வொரு ஆளின் வருகையும் கூலியும் பதியும் மஸ்டர் ரோலில் தொடங்கி, இந்தத் தளத்தைக் கீழிருந்து மேலே படியுங்கள்.

உள்ளே போகும் வழி முதலில். கிராம ஊராட்சிகளுக்கான பகுதியில் அறிக்கைகள் என்பதைத் தேர்ந்து, மாநிலத்தைச் சொடுக்கினால் நிதியாண்டு, மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகக் கேட்கும். நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதை மறக்கக்கூடாது. மார்ச் கடைசி வாரத்து வேலையை ஏப்ரலில் தொடங்கும் ஆண்டில் தேடிவிட்டு 'பதிவே இல்லை' என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. ஊராட்சிப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறியிருப்பதால் நாம் நினைக்கும் எழுத்துக்கூட்டல் இருக்காது. பட்டியலை முழுதும் உருட்டிப் பார்ப்பதே வழி. மாநில அளவு அறிக்கைப் பக்கம் ஒரு சின்னக் கூட்டல் கணக்கைக் கேட்ட பிறகே திறக்கும். பக்கம் பாதியில் நின்றால் பின்னால் போகும் பொத்தானை அழுத்தாமல் மாநிலத் தேர்விலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

ஊராட்சிப் பக்கம் திறந்ததும் ஆர்1, ஆர்2, ஆர்3 என்று பெட்டிகள் வரும். ஆர்1இல் வேலை அட்டைப் பதிவேடு. அதில் அட்டை எண்கள் நிறம் நிறமாக இருப்பது அழகுக்காக அல்ல. பச்சை என்றால் படம் ஒட்டிய அட்டை, வேலையும் பெற்றவர்கள். சாம்பல் என்றால் படம் உண்டு, வேலை பெறவில்லை. சூரியகாந்தி மஞ்சள் என்றால் படம் இல்லை, ஆனால் வேலை கொடுத்ததாகப் பதிவு. ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய நிறம் இதுதான். படமும் இல்லை, வேலையும் இல்லை என்றால் சிவப்பு.

ஓர் அட்டை எண்ணைச் சொடுக்கினால் குடும்ப உறுப்பினர் விவரத்துக்குக் கீழே மூன்று அட்டவணைகள் அடுத்தடுத்து வரும்: வேலை கேட்ட நாட்கள், வேலை ஒதுக்கிய நாட்கள், வேலை கொடுத்த நாட்கள். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நடு அட்டவணையைக் கூட்டிவிட்டு 'எங்களுக்கு 90 நாள் போட்டிருக்கிறார்கள், 50 நாள் கூலிதான் வந்தது' என்று புகார் எழுதினால் அது முதல் விசாரணையிலேயே விழுந்துவிடும். கூட்ட வேண்டியது மூன்றாவதை மட்டும். அதில்தான் நாட்கள், பணியின் பெயர், மஸ்டர் ரோல் எண், தொகை எல்லாம் இருக்கும். 2005 சட்டத்தின் 100 நாள் என்பது குடும்பத்துக்கான கணக்கு, ஆளுக்கு அல்ல என்பதையும் கூட்டும்போதே நினைவில் வையுங்கள்.

அடுத்து மஸ்டர் ரோல். ஆர்3இல் தொழிலாளருக்குக் கூலி வழங்கிய தொகுப்பு அறிக்கை வழியாகப் போனால் பணி வாரியாக மஸ்டர் எண்கள் கிடைக்கும். தளத்திலேயே மிகச் சிறந்த பக்கம் இதுவே. ஒவ்வொரு ஆளுக்கும் நாள்வாரி வருகை, மொத்த நாள், தினக்கூலி, சேர வேண்டிய தொகை, வேஜ் லிஸ்ட் என்னும் கூலிப் பட்டியலின் எண், நிலை, கணக்கில் ஏறிய தேதி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு: தினக்கூலி, கடைசித் தேதி.

தினக்கூலியை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 2023-24இல் 294 ரூபாய், 2024-25இல் 319, 2025-26இல் 336. ஆனால் மஸ்டரில் இந்த எண் அப்படியே நிற்க வேண்டியதில்லை. செய்த வேலையை அளந்து அதற்கேற்பக் கூலி போடும் முறை இருப்பதால், குழு வெட்டிய மண்ணின் அளவு குறைந்தால் கூலியும் குறையும். ஒரே மஸ்டரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைந்த எண் இருந்தால் அது அளவீட்டிலிருந்து வந்தது. எம்-புக் என்னும் அளவீட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள். இறுகிய மண்ணைச் சாதாரண மண் என்று எழுதியிருந்தால் கூலி விழும். தளத்தில் 'சராசரி தினக்கூலி' என்று வரும் எண்ணும், அறிவிக்கப்பட்ட கூலியும் ஒன்றல்ல. 'தமிழ்நாட்டில் நூறு நாள் கூலி 336' என்று எழுதும் எவரும் அது அறிவித்த விகிதம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தொழிலாளி கையில் வந்தது மஸ்டரில்தான் இருக்கிறது.

இப்போது தேதி. மஸ்டர் முடிந்து 15 நாளுக்குள் கூலி கணக்கில் ஏற வேண்டும் என்பது சட்டம். இந்தப் பாதையில் இரண்டு கட்டம் உண்டு. வருகைப் பதிவு, அளவீடு, வேஜ் லிஸ்ட், எஃப்.டி.ஓ. என்னும் பண மாற்று ஆணையில் இரண்டாவது கையொப்பம் ஆகியவை முதல் கட்டம், மாநிலத்தின் பொறுப்பு. அங்கிருந்து தொழிலாளியின் கணக்கு வரை இரண்டாம் கட்டம், மத்திய அரசின் பொறுப்பு. முகப்பில் பெரிதாகக் காட்டும் '15 நாளுக்குள்' சதவீதத்தின் தலைப்பை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். அது 'ஜெனரேட்டட்' என்கிறது. அதாவது ஆணை உருவாகிவிட்டது, அவ்வளவே. பணம் போய்ச் சேர்ந்ததா என்பது அந்த எண்ணில் இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்குக் கூலிப் பாக்கியாக 1,056 கோடி ரூபாய் வர வேண்டும் என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த வகைத் தாமதம் எத்தனை மாதம் நீண்டாலும் இந்தச் சதவீதத்தை அசைக்காது. வயதான பெண்கள் வங்கிக்கும் வீட்டுக்கும் நடந்து கொண்டிருக்கும்போது திரையில் பச்சையாக ஒரு சதவீதம் ஒளிர்வது சரியல்ல. அந்தத் தலைப்பை மாற்றியே ஆக வேண்டும்.

இழப்பீடும் அப்படியே. 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம். 336 ரூபாய் வீதம் 6 நாள் வேலைக்கு 2,016 ரூபாய். அதற்கு ஒரு நாள் தாமதத்துக்குச் சுமார் 1 ரூபாய். 30ஆம் நாள் பணம் வந்தால் 15 ரூபாய்தான். அதையும் தளம் முதல் கட்டத் தாமதத்துக்கு மட்டுமே கணக்கிட்டு வந்தது. இரண்டாம் கட்டத் தாமதத்துக்கும் மத்திய அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே போடுங்கள்: மஸ்டர் முடிந்த தேதியை ஒரு பத்தியில், கணக்கில் ஏறிய தேதியை அடுத்ததில் எழுதி, வித்தியாசத்தில் 15 கழியுங்கள். 20 மஸ்டர் எடுத்தாலே ஒரு பருவத்தின் நிலவரம் தெரிந்துவிடும்.

நிலை என்ற பத்தியில் 'ரிஜெக்டட்' (பணம் ஏறாமல் திரும்பியது) என்று இருந்தால் காரணத்தையும் பாருங்கள். 'இன்ஆக்டிவ் ஆதார்' என்று வருவதைப் பார்த்து ஆதார் மையத்துக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் ஆதாரில் குறை இருக்காது. ஆதார் எண் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்தது என்று வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ. வைத்திருக்கும் இணைப்பு அறுந்திருக்கும். வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தால் சரியாகும். அதன்பின் திரும்பிய தொகைக்கு ஒன்றிய அலுவலகம் மறுபடி ஆணை போட வேண்டும், தானாக வந்துவிடாது. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பணம் கட்டாயமானதால் இந்தக் கோளாறு கூடுதலாகக் கண்ணில் படும். அட்டையே காணவில்லை என்றால் நீக்கப்பட்டோர் பட்டியலைத் தேடுங்கள்; 2022-23இல் நாடு முழுவதும் 5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் பெயர்கள் நீக்கப்பட்டன.

தொகுப்பு எண்களில் இன்னும் மூன்று பொறிகள். 'குடும்பத்துக்குச் சராசரி வேலை நாள்' என்பது வேலை பெற்ற குடும்பங்களால் மட்டும் வகுத்தது. 2020-21இல் 389 கோடி மனித நாட்களை (ஓர் ஆளின் ஒரு நாள் வேலை ஒரு மனித நாள்) 7.55 கோடிக் குடும்பங்களால் வகுத்து 51.5 என்று வந்தது. பதிந்திருந்தும் வேலை கிடைக்காதவர் அந்த வகுத்தலிலேயே இல்லை. 'வேலை கேட்டவர்' எண்ணும் 'கொடுத்தவர்' எண்ணும் ஏறக்குறைய ஒட்டி நிற்பதைத் தேவை தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல இடங்களில் வேலை தயாரான பிறகே கோரிக்கையைக் கணினியில் ஏற்றுகிறார்கள். தேதியிட்ட ரசீது இல்லாத வாய்மொழிக் கோரிக்கை தளத்தில் பிறக்கவே இல்லை, அதனால் வேலை தராதபோது தர வேண்டிய வேலையின்மைப் படியும் பிறப்பதில்லை. மூன்றாவது, வெற்று வரிசைகள். மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச்சில் நிதி நிறுத்தப்பட்டது. அதன்பிந்தைய ஆண்டுகளில் அந்த மாநில எண்கள் சரிந்து கிடப்பதற்கு அதுவே காரணம், வேலை தேவைப்படாததால் அல்ல.

என்.எம்.எம்.எஸ். என்னும் கைபேசிச் செயலியில் பணியிடத்தில் எடுக்கும் வருகைப் படங்கள், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக எல்லாப் பணிக்கும் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாயின. பார்க்கத் திறந்திருக்கிறது, நல்லது. ஆனால் படத்தைப் படமெடுத்து ஏற்றுவது, சம்பந்தமில்லாத படம், பிற்பகல் படம் இல்லாமை என்று முறைகேடுகளை அமைச்சகமே 2025 ஜூலைச் சுற்றறிக்கையில் அடுக்கியது. படத்தில் தலைகளை எண்ணி, மஸ்டரின் வருகையோடு ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வெளியே அதே ஊரில் விவசாயக் கூலி எவ்வளவு என்று ஒப்பிட இந்தத் தளம் உதவாது. அதற்கு மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு (பி.எல்.எஃப்.எஸ்.) இருக்கிறது. 2017இல் தொடங்கியது. அதில் தற்காலிகக் கூலி அட்டவணை 'பொதுப்பணி நீங்கலாக' என்று வரும், நூறு நாள் வேலை அதில் கலக்காது. ஆனால் அது மாதிரி ஆய்வு, ஊராட்சி அளவுக்கு இறங்காது. 2025 ஜனவரியில் மாதிரி முறை மாறியதால் பழைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும்.

பதிவிறக்கம் சுமார். எக்செல் என்று இறங்கும் கோப்பு உள்ளே இணையப் பக்க அட்டவணைதான். திறக்கும்போது எச்சரிக்கை வரும், சம்மதித்துத் திறந்து புதிய எக்செல் கோப்பாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் தேதிகள் எழுத்தாகவே நின்று கழித்தல் வேலை செய்யாது. தளம் நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கும், முடிந்த ஆண்டின் எண்ணும் பிறகு மாறலாம். ஆகவே ஒவ்வொரு அறிக்கைக்கும் இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கிராம சபையில் வாசிக்கும்போது மஸ்டர் எண்ணையும் அந்தத் தேதியையும் சேர்த்தே வாசியுங்கள். பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உங்கள் கணக்குக்கு எண் போதும்.