டிஃபெண்டிங் ஜேக்கப்: இந்த அப்பா சொல்றத எவ்வளவு தூரம் நம்பறது?

கொலை கேஸ் கதை, ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்னு எடுத்தேன். முதல் நாளே ராத்திரி ரெண்டு மணிக்கு மூடி வச்சுட்டு, பக்கத்து ரூம்ல தூங்கற என் பையன ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வந்துதான் படுத்தேன். வில்லியம் லாண்டே எழுதினது, 2012-ல வந்த நாவல். மனுஷன் மாசசூசெட்ஸ்ல அரசு வக்கீலா இருந்தவரு, அதனால கோர்ட் சீன்ல மேஜையத் தட்டிக் கத்தற சினிமாத்தனம் கம்மி.

பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்னு ஒரு வசதியான ஊரு. 14 வயசு பையன் ஒருத்தன் ஸ்கூலுக்குப் போற வழியில பார்க்ல குத்துப்பட்டு செத்துக் கெடக்கறான். கேஸ எடுக்கற அரசு வக்கீல் ஆண்டி பார்பர் (பழனி ஆண்டிய நினைச்சுக்காதீங்க). கொஞ்ச நாள்லயே செத்தவன் சட்டையில இருக்கற ரேகை ஆண்டியோட பையன் ஜேக்கப்போடதுன்னு தெரிஞ்சு, கேஸ் இவர் வீட்டுக்குள்ளயே வந்து நிக்குது. அந்த மாநிலச் சட்டப்படி 14 வயசானாலே கொலைக் கேஸ்ல பெரியவங்க கோர்ட்லதான் நிக்கணும், அதனால பதற்றம் இன்னும் ஏறுது.

எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா கதையச் சொல்றதே அந்த அப்பாதான். பையன் ரூம் இழுப்பறையில கத்தி கிடைக்குது, சட்டம் படிச்ச மனுஷன் என்ன பண்ணனும்? இவரு சத்தமில்லாம அத ஒழிச்சுக் கட்டிடறாரு, அப்புறமும் நம்மகிட்ட நேர்மையான ஆள் மாதிரியே பேசிட்டிருக்காரு, நாமளும் தலையாட்டிட்டே போறோம். தன்னோட அப்பா கொலைக் குத்தத்துக்கு ஆயுள் தண்டனையில இருக்காருங்கறத கட்டின பொண்டாட்டிகிட்டயே இத்தன வருஷமா மறைச்சவரு இவரு! அது தெரிஞ்சப்புறம் லாரி, அதான் அந்த அம்மா, பையனோட சின்ன வயசு சண்டை, அடிதடி ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திப் பாத்து உருகி எலும்பும் தோலுமா ஆயிடறா. உசுரோட எதுக்கால உக்காந்து சாப்புடற புள்ளைக்கே துக்கம் காக்கற மாதிரி இருக்கு அவ நெலம. அவ வர்ற பக்கங்கள என்னால வேகமாப் படிக்கவே முடியல.

குறை இல்லாம இல்ல. கொலைகார ஜீன் ரத்தத்துல வருமான்னு டாக்டர் பேசற பகுதி க்ளாஸ் எடுக்கற மாதிரி இழுக்குது, எதிர்த்தரப்பு வக்கீல் வெறும் பொறாமைக்காரனா மட்டும் தெரியறான். எனக்கு இருக்கற பெரிய வருத்தம் செத்த பையனோட அப்பா. அவருக்கு இன்னும் நாலு சீன் குடுத்திருக்கலாம், நெஜமான இழப்பு அவருக்குத்தானே.

2020-ல ஆப்பிள் டிவில எட்டு எபிசோடா வந்துச்சு, கிறிஸ் எவன்ஸ் அப்பாவா நல்லாவே பண்ணிருக்காரு. ஆனா முடிவ மாத்திட்டாங்க, புக்ல இருக்கற அடி அதுல இல்ல. அதனால முதல்ல புக்கு, அப்புறம் சீரியல். கடைசி அம்பது பக்கத்த பஸ்ல வச்சுப் படிக்காதீங்க, எறங்கற ஸ்டாப் போயிடும், மூஞ்சிய வேற மறைக்க வேண்டி வரும்.

இப்ப வீட்ல அவங்க படிச்சுட்டு இருக்காங்க. கத்தி மேட்டர் வந்ததும் தலைய நிமித்தி "நீங்களா இருந்தா என்னங்க பண்ணிருப்பீங்க?"ன்னு கேட்டாங்க. நான் காபி போடறேன்னு கிச்சனுக்குப் போயிட்டேன்.